கோயில் கமிட்டி, சங்கம், கட்சி, தன்பாலீர்ப்பு: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் சங்க வேலையோ கட்சி வேலையோ செய்பவர்களுக்கும், தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதியது. சமயத்தில் உறுதியாக நிற்பவர்களும் படிக்கலாம். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் இதில் உள்ளன.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அதன் 365ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவுக்கு 10 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. 365அ பிரிவு ‘பாரதூரமான இழிசெயலுக்கு’ 2 ஆண்டுகள் வரை என்கிறது. 365அ முதலில் ஆண்களுக்கு மட்டுமே பொருந்தியது. 1995இல் சட்டத்தைத் திருத்தும்போது அதை நீக்குவதற்குப் பதிலாக ‘ஆண்’ என்ற இடத்தில் ‘ஆள்’ என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது: செயலைத்தான் சட்டம் தண்டிக்கிறது. ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதோ, அதை வெளியில் சொல்வதோ, அதற்காகக் கூட்டம் போடுவதோ குற்றமில்லை. பொலிஸ் இந்த வேறுபாட்டை மறந்து நடப்பதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும், ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவையும் சேர்த்துக்கொண்டு திருநங்கைகளைப் பிடிப்பதும் இதே வகைதான்.

இந்தியாவில் நீதிமன்றமே நீக்கிவிட்டதே. இங்கே ஏன் முடியாது?

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் திகதி, இணக்கமுள்ள வயது வந்தவர்கள் மட்டில் அதைச் செய்தது. நம் 365ஆம் பிரிவும் இந்தியாவின் 377ஆம் பிரிவும் ஒரே வார்ப்பில் வந்தவை. ஆனால் நம் அரசியலமைப்பில் 16ஆம் உறுப்புரை என்று ஒன்று இருக்கிறது. 1978இல் அரசியலமைப்பு வந்தபோது நடைமுறையில் இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது அது. அதனால் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தை நம் உயர் நீதிமன்றத்தால் தூக்கி எறிய முடியாது. 2016இல் 365அ பிரிவின் கீழான விமலசிறி வழக்கில் அது செய்ய முடிந்ததெல்லாம் குற்றத்தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு சிறைத்தண்டனையை ஒத்திவைத்ததுதான். 2022 மார்ச்சில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, இந்தச் சட்டம் உரிமை மீறல் என்று இலங்கைக்கு எதிராக முடிவு சொன்னது. அந்த முடிவால் தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு சொல்கூட மாறாது.

மிச்சம் இருக்கும் ஒரே கதவு பாராளுமன்றம். பாராளுமன்றம் என்றால் கட்சிகள். அதனால்தான் இந்த விடயம் இலங்கையில் நீதிமன்ற வாசலைவிட வேட்பாளர் பட்டியலிலும் மேடையிலும் விகாரை முற்றத்திலும் அதிகம் அடிபடுகிறது.

2023இல் வந்த சட்டமூலம் என்ன ஆனது?

பொதுஜன பெரமுன உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த 2022 ஆகஸ்டில் தனிநபர் சட்டமூலம் ஒன்றை அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவிடம் கையளித்தார். வயது வந்தவர்கள் இணக்கத்தோடு செய்வதைக் குற்றமாக்காமல் விடுவது அதன் சாரம். அரசாங்கம் எதிர்க்காது, ஆனால் உறுப்பினர்களின் ஆதரவை நீங்களே தேடிக்கொள்ளுங்கள், அது அவரவர் மனச்சாட்சி என்ற பொருளில் பதில் வந்தது. கேட்க நல்ல பதில்தான். நடைமுறையில் அதற்கு அரசாங்கம் தோள் கொடுக்கவில்லை என்று பொருள்.

2023இல் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆம் உறுப்புரைக்கு மாறானது, எச்.ஐ.வி. பரவும், பிள்ளைகள் கெடுவார்கள் என்று வாதம் வைத்தார்கள். மூன்று நீதியரசர்கள் கேட்டார்கள். சட்டமூலத்தின் எந்தப் பகுதியும் அரசியலமைப்புக்கு முரணில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற தீர்மானத்தைச் சபாநாயகர் 2023 மே 9ஆம் திகதி சபையில் அறிவித்தார். அதன் பிறகு அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டமூலமும் காலாவதியானது.

2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனங்கள் கிடைத்தன. மூன்றில் இரண்டுக்கே 150 போதும். ஆகவே ‘எண்ணிக்கை இல்லை’ என்ற பழைய சாக்கு இப்போது எடுபடாது. யார் தயங்குகிறார்கள் என்று கேட்டால் போதும்.

2024இல் நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னதாகக் கேள்விப்பட்டோமே?

அது வேறு சட்டமூலம். பால்நிலை சமத்துவச் சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று 2024 ஜூனில் தீர்மானம் வந்தது. மேடைகளில் இரண்டையும் குழப்பி ‘நீதிமன்றமே நிராகரித்துவிட்டது’ என்கிறார்கள். 365 பற்றிய 2023ஆம் ஆண்டுத் தீர்மானம் வேறு, இது வேறு. யாராவது அப்படிப் பேசினால் எந்த ஆண்டு, எந்தச் சட்டமூலம் என்று கேளுங்கள்.

கொழும்புக் கட்சிகள் ஏன் ஒவ்வொரு முறையும் பின்வாங்குகின்றன?

வாக்குக்கணக்கு. புது ஜனாதிபதி, புது அமைச்சர், புது எதிர்க்கட்சித் தலைவர் என்று யார் வந்தாலும் முதலில் கண்டிக்கு ஏறி, தலதா மாளிகையை வணங்கி, மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்களிடம் ஆசி பெற்றுத்தான் இறங்குகிறார்கள். அந்தப் படத்தை இழக்க எந்தக் கட்சியும் தயாரில்லை. கத்தோலிக்க வாக்குக்குக் கொழும்புப் பேராயர் இல்லம். 2025 செப்டம்பரில், தன்பாலீர்ப்புள்ள சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் முயற்சி ஒன்றுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை ஆதரவுக் கடிதம் கொடுத்த விடயம் வெளியானபோது, கர்தினால் மல்கம் ரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார்.

2015இல் வந்த அரசாங்கமும் இதே வழியில்தான் போனது. 2017 ஜனவரியில், இந்தச் சட்டத்தை நீக்கும் யோசனையை மனித உரிமைகள் செயல்திட்டத்திலிருந்து அமைச்சரவை தள்ளிவிட்டது. 2018 நவம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒரு கூட்டத்தில், ரணிலும் அவருடைய ‘வண்ணத்துப்பூச்சிக்’ கூட்டாளிகளும்தான் முடிவுகள் எடுத்தார்கள் என்று ஏளனம் செய்தார். அது தன்பாலீர்ப்பாளரைக் கேலி செய்யும் சிங்களச் சொல். அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சியாக இருப்பது மேல் என்று ரணிலின் அமைச்சராக இருந்த மங்கள சமரவீர பதில் போட்டார். மலையில் கால் வைத்தவர்களுக்கு அட்டையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு நாட்டின் தலைவர் அப்படிப் பேசியதால் அவருக்குத் தேர்தலில் எந்தச் சேதமும் வராது என்று கணக்குப் போட்டிருந்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மலையகக் கட்சிகளின் நிலைப்பாடு என்ன?

இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) ஆனாலும், தமிழ் முற்போக்குக் கூட்டணிக்குள் இருக்கும் தொழிலாளர் தேசிய முன்னணி, மலையக மக்கள் முன்னணி ஆனாலும், அவற்றின் மேடையை நிரப்புவது நாட்சம்பளம், காணி, வீடு, ஆசிரியர் நியமனம். 365 அங்கே ஏறுவதில்லை. இந்த மௌனத்தைப் பகையென்றும் எடுக்க வேண்டாம், ஆதரவென்றும் எடுக்க வேண்டாம்.

நம் கட்சிகளின் அமைப்பைப் பார்க்க வேண்டும். கட்சிக்கு அடியில் சங்கம் இருக்கிறது. சங்கத்துக்கு அடியில் தோட்டத் தலைவர். சந்தா சம்பளத்தில் பிடிபட்டுச் சங்கத்துக்குப் போகிறது. பல தோட்டங்களில் சங்கத் தலைவரேதான் கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் எழுதும்போதும் அவருடைய வாய்ச்சொல் எடுபடுகிறது. வீட்டுப் பட்டியல் குடும்பத்தை வைத்துப் போடப்படுவதால், கல்யாணம் கட்டாத 35 வயதுக்காரர் அதில் எப்போதும் கடைசி. கொழும்பில் ஒருவருக்குச் சமயத் தலைவர், கட்சிக்காரர், வீட்டு உரிமையாளர் என்று மூன்று பேர் இருந்தால், இங்கே மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். ஒருவரைப் பகைத்தால் மூன்றும் போகும். மலையகத்தில் தன்பாலீர்ப்புள்ளவர்கள் கட்சிக்குள் வாய் திறக்காததற்கு வேதமோ ஆகமமோ காரணம் என்பதைவிட இந்த அமைப்பே காரணம் என்பது நம் கருத்து.

இதோடு 10 அடிக்கு 12 அடி லயக்காம்பராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் இருமினாலும் கேட்கும். ‘அந்தரங்கம்’ என்று சட்டத்தரணிகள் பேசுவது அங்கே பொருந்தாது.

கோயில் கமிட்டி எப்படி அழுத்தம் கொடுக்கிறது?

சத்தம் போட்டு இல்லை. திருவிழா வரியை அந்தக் குடும்பத்திடம் மட்டும் வாங்காமல் விடுவார்கள். தேர் இழுக்கும்போது வடத்தில் கை வைக்க வேண்டாம் என்பார்கள். காளாஞ்சி கொடுக்கும்போது பெயர் கூப்பிட மாட்டார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது, அதனால் முறையிடவும் பிடி கிடைக்காது. வரியைக் கொடுக்கப் போகும்போது வயதில் மூத்த சொந்தக்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்க மறுத்தால் காரணத்தைக் கேட்டு, திகதி, நேரம், சொன்னவர் பெயரைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் நான்கு பேர் முன்னால் காரணம் சொல்லக் கமிட்டி கூசும். அந்தக் கூச்சமே உங்களுக்குச் சாதகம்.

சமயங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன?

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. இந்து சமயத்தில் எல்லாருக்குமாக ஆணை போடும் ஒரு தலைமைப்பீடம் கிடையாது. மாசி பங்குனியில் காமன் கூத்தில் ரதியாக வேஷம் கட்டுபவர் ஆண்தான், அவர் காலில் தாய்மார் விழுந்து கும்பிடுகிறார்கள். ஆனால் அதைக் காட்டி ‘பாருங்கள், நாம் ஏற்றுக்கொண்டவர்கள்’ என்று வாதம் செய்வது பலிக்காது. வேஷம் வேறு, பாலீர்ப்பு வேறு. கூத்து வாத்தியாருக்கே அது பிடிக்காது.

கத்தோலிக்கரிடம் பேசும்போது ஒரு வேறுபாடு உதவும். திருச்சபை அந்தச் செயலைப் பாவமாகவே பார்க்கிறது. ஆனால் ஆளை மரியாதையோடு ஏற்கச் சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் ஒரு செவ்வியில், தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றமல்ல, அதைக் குற்றமாக்கும் சட்டங்கள் அநீதியானவை என்றார். ‘பாவம்தான், ஆனால் சிறை வேண்டாம்’ என்று ஒரு பக்தர் சொன்னால் அவர் தன் சமயத்தை விட்டு விலகவில்லை. தோட்டங்களில் புதிதாக வளரும் சுயாதீன சபைகளில் இது எடுபடாது. அங்கே போதகர் சொல்வதுதான் முடிவு.

நான் பக்தியுள்ளவன். 365 போனால் கோயிலில் கல்யாணம் செய்து வைக்கச் சொல்வார்களா? பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு போகுமா?

இரண்டும் இல்லை. 2023 சட்டமூலம் விவாகச் சட்டத்தைத் தொடவில்லை. பிள்ளைகளைப் பாதுகாக்கும் பிரிவுகள் தனியாக இருக்கின்றன. பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய 365ஆ பிரிவு அவற்றில் ஒன்று. இணக்கம் உள்ள வயது வந்தவர்களைப் பற்றி மட்டும்தான் திருத்தம். சிங்கப்பூர் 2022 நவம்பரில் இதே போன்ற சட்டத்தை நீக்கியது. கூடவே திருமண வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்திக்கொண்டது. உரிமைக்காரர்களுக்கு அது முழுத் திருப்தி இல்லை, சமயக்காரர்களுக்கும் இல்லை. ஆனால் சிறை போனது.

தன்பாலீர்ப்புள்ளவர் தேர்தலில் நிற்கத் தடை உண்டா?

இல்லை. அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரையில் தகுதியிழப்பு, 2 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்காக 6 மாதமோ அதற்குக் கூடுதலாகவோ சிறைத்தண்டனை பெற்று, அதை அனுபவிக்கும் காலத்துக்கும் முடிந்த பின் 7 ஆண்டுகளுக்கும் பொருந்தும். பழைய வழக்கு ஏதும் இருந்தால் வேட்புமனுவுக்கு முன்பே தீர்ப்பின் பிரதியை எடுத்துச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வழக்கு இருந்தது என்பதற்கும் சிறைத்தண்டனை வந்தது என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

தாக்குதல் எங்கிருந்து வரும்?

பெரும்பாலும் சொந்தப் பட்டியலிலிருந்து. நுவரெலியாவுக்கு 8 ஆசனங்கள், அதனால் ஒரு கட்சி 11 பேரை நிறுத்துகிறது. வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடியும், அந்தக் கட்சிக்குள்ளேயே 3 பேர் வரை விருப்பு வாக்கும் போடலாம். எதிர்க்கட்சிக்காரர் உங்களைப் பற்றிக் கதை பரப்பினாலும் அவருக்கு ஒரு விருப்பு வாக்குக்கூட அதிகரிக்காது. உங்களோடு ஒரே போஸ்டரில் சிரிப்பவருக்குத்தான் அதிகரிக்கும். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வட்ஸ்அப் குழுக்களில் வரும் குரல் பதிவுகளை இந்தக் கண்ணோடு கேளுங்கள்.

பிரதேச சபையில் கதை வேறு. 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல். பட்டியலில் வருபவர் வீடு வீடாகப் போய்ப் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் யாரை நியமிப்பது என்பது கட்சிச் செயலாளரின் கையில். அவரிடம் முன்கூட்டியே பேசி எழுத்தில் ஏதாவது வாங்காமல் பட்டியலை நம்பிப் போகக்கூடாது.

மேடையில் என் பாலீர்ப்பைப் பற்றிப் பேசினால் சட்டப்படி என்ன செய்யலாம்?

1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில், வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றித் தேர்தலைப் பாதிக்கும் நோக்கத்தோடு பொய்யான தகவல் பரப்புவது ஊழல் நடவடிக்கை. இங்கே ‘பொய்யான’ என்ற சொல் சிக்கல். சொன்னது உண்மையென்றால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. மறுத்து முறைப்பாடு செய்தால் நிரூபிக்க வேண்டிய நிலைக்கு நீங்களே உங்களைத் தள்ளிக்கொள்கிறீர்கள். ஆகவே முதலில் முடிவெடுக்க வேண்டியது: மறுப்பதா, மௌனமா, ‘அது என் வீட்டு விடயம், தண்ணீர் லைன் பற்றிக் கேளுங்கள்’ என்று கடப்பதா? மூன்றாவதே பெரும்பாலும் பாதுகாப்பு. பணம் வாங்கினான், பிள்ளையைக் கெடுத்தான் என்று பொய்யையும் கலந்து பேசினால், அந்தப் பகுதியை மட்டும் பிரித்துத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள்.

குருக்களோ போதகரோ ‘இவனுக்கு வாக்களித்தால் சாபம்’ என்றால்?

அது வேறு. ஆன்மீகத் தீங்கு வரும் என்று பயமுறுத்தி வாக்கைத் திருப்புவது தகாத செல்வாக்கு, அதுவும் ஊழல் நடவடிக்கைதான். ஆனால் ‘எங்கள் சமயம் இதை ஏற்காது’ என்று மட்டும் சொல்வது கருத்து, அதைத் தடுக்க முடியாது. பதிவு இருந்தால் முழுப் பேச்சையும் வைத்திருங்கள். வெட்டி ஒட்டிய 20 வினாடித் துண்டை எவரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். ஒரு முறை ஈஸி கேஷில் 5,000 போட்டால் அடுத்த கிழமை 15,000 கேட்பார்கள். கொடுத்ததே ‘இவன் பயப்படுகிறான்’ என்பதற்கான சான்று. செய்தியை அழிக்காமல், எண்ணும் திகதியும் தெரியும்படி படம் எடுத்து, உங்கள் போனில் இல்லாத இன்னொரு இடத்திலும் வையுங்கள். தடை செய்வதற்கு முன் இதைச் செய்ய வேண்டும், பலர் தலைகீழாகச் செய்து சான்றை இழக்கிறார்கள். அச்சுறுத்திப் பணம் பறிப்பது 372ஆம் பிரிவின் கீழ் குற்றம். முறைப்பாட்டில் பணம் கேட்டதை எழுதுங்கள். படத்தில் இருப்பவரோடு உங்களுக்கு என்ன உறவு என்பதைப் பொலிஸுக்கு விளக்கப் போக வேண்டாம், 365 அங்கேதான் திரும்பிக் கடிக்கும். சட்டத்தரணி ஒருவரோடு போவது நல்லது. வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் பல நீதவான் நீதிமன்ற வளாகங்களில் இருக்கின்றன.

மலையகப் பொலிஸ் நிலையங்களில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையொப்பம் கேட்பது வழக்கம். நீங்கள் ‘மிரட்டினார்’ என்று சொன்னது ‘சண்டை நடந்தது’ என்று எழுதப்பட்டிருக்கலாம். தமிழில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்துக் காட்டி மொழிபெயர்க்காமல் கையொப்பமிட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவும் வேண்டாம்.

பொலிஸோ அரச அதிகாரியோ துன்புறுத்தினால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அவகாசத்தில் கழியாது. கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன, தொலைபேசி 1996.

எங்கள் எம்.பி. தனிப்பட்ட முறையில் ஆதரவு என்கிறார். ஏன் வெளியில் சொல்வதில்லை?

அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரையின் 13ஆம் பந்திதான் காரணம். கட்சி வெளியேற்றினால் ஒரு மாதத்தில் ஆசனம் போகும். அதற்குள் உயர் நீதிமன்றம் போய் வென்றால்தான் தப்பலாம். அதனால் மனச்சாட்சி வாக்கு என்று கட்சி முறையாக அறிவிக்காத வரை தனிப்பட்ட ஆதரவுக்குப் பெறுமதி குறைவு. எம்.பி.யிடம் ‘ஆதரிப்பீர்களா’ என்று கேட்பதைவிட ‘இதில் கட்சிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும்படி நாடாளுமன்றக் குழுவில் கேட்பீர்களா’ என்று கேளுங்கள். அதற்கு அவர் தன் கருத்தையே சொல்லத் தேவையில்லை.

வேறு நாட்டுப் பழைமைவாதக் கட்சிகளுக்குள் இது எப்படி நடந்தது?

சண்டையோடுதான். பிரித்தானியாவில் பழைமைவாதக் கட்சி 1988இல், உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’த் தடை போட்டது. அதே கட்சியின் பிரதமர் கமரூன் 2013இல் ஒருபால் திருமணத்தைக் கொண்டுவந்தார். இரண்டாம் வாசிப்பில் அவருடைய கட்சி உறுப்பினர்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம். சுதந்திர வாக்கு என்பதாலும் எதிர்க்கட்சிகள் கைகொடுத்ததாலும்தான் நிறைவேறியது.

எங்கள் கிளையில் ஒரு தீர்மானம் கொண்டுவர நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?

பெரிய சொற்களோடு போகாதீர்கள். ‘பாலீர்ப்பு உரிமைகள்’ என்று தலைப்புப் போட்டால் முதல் கூட்டத்திலேயே முடிந்துவிடும். உறுப்பினர் எவரையும் அவருடைய திருமண நிலை, தனிப்பட்ட வாழ்க்கை காரணமாகப் பதவியிலிருந்தோ வீட்டுப் பட்டியலிலிருந்தோ விலக்கக்கூடாது என்று ஒரே வரியில் எழுதுங்கள். விதவைகளும், கணவன் விட்டுப் போனவர்களும், கல்யாணம் கட்டாத பெண்களும் அந்த வரிக்குள் வருகிறார்கள். கிளையின் மாதர் அணியில் அவர்கள்தான் அதிகம், முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அங்கிருந்தே வரட்டும். நிகழ்ச்சிநிரலில் முன்கூட்டியே எழுத்தில் சேர்க்க வேண்டும். ‘வேறு விடயங்கள்’ பகுதியில் எழுப்பினால் தலைவர் நேரமில்லை என்று மூடிவிடுவார். கூட்ட அறிக்கையில் தீர்மானம் சொல்லுக்குச் சொல் பதிவானதா என்று அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும்போது சரிபாருங்கள். ‘பொது நலன் பற்றிக் கலந்துரையாடப்பட்டது’ என்று சுருக்கி எழுதியிருந்தால் அங்கேயே திருத்தக் கேளுங்கள், ஏனெனில் ஏற்றுக்கொண்ட அறிக்கையைப் பிறகு மாற்ற முடியாது.